சாலையின் இடதோரம்

முள்வேலி, வேலியை ஒட்டி ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு வெள்ளாடு, கட்டியிருக்கும் கயிறோ நீளம், ஆடு நினைத்தால் தார்ச்சாலைக்கே வந்துவிடும், ஆகவே சொல்லியாக வேண்டும், சொல்கிறேன். "ஆட்டைக் கொண்டாந்து ரோட்டோரத்துல கட்டிப் போட்டிருக்கு பாருங்க, பொறுப்பத்த சனம்" என்று, ஊர்வம்பு பேசுகிறவளின் குரலில், அவருடைய இடக்காதுக்கு மிக அருகே வாயைக் கொண்டுபோய்ச் சொல்கிறேன். ஸ்கூட்டரின் வேகம் தளர்கிறது. கைப்பிடி சற்றே வலமாக விலகுகிறது. ஆடு கழுத்தை நிமிர்த்தி எங்களைப் பார்த்தபடி பின்னால் போய்விடுகிறது. அவர் அந்த ஆட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் இயலாது. என் கணவர் சிவசைலத்துக்கு எதிரே தொலைவில் வரும் லாரியின் நெற்றியில் எழுதியிருக்கும் குலதெய்வத்தின் பெயர் தெரியும். கண்ணாடி அணிந்தால் செய்தித்தாளின் பொடி எழுத்தும் தெரியும். இடப்பக்கம் யானை நின்றாலும் தெரியாது. ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உதிர்வதைப்போல அவருடைய பார்வையின் இடதோரம் ஓசைப்படாமல் உதிர்ந்துவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது, மிச்சத்தைத்தான் சொட்டுமருந்து காப்பாற்றும் என்று கண் மருத்துவர் சென்ற தை மாதம் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். வண்டியை எடுத்துவர அவர் வெளியே போனபின், எழப்போன என் கையைப் பிடித்து நிறுத்தி, "சார் இனிமே வண்டி ஓட்டவே கூடாதும்மா, ஓரத்துல ஆள் நின்னாத் தெரியாது, நான் சொன்னது அவர் காதுல ஏறல, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். தலையாட்டினேன். வாசலுக்கு வந்தபோது அவர் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தார். வீடு சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஏறி உட்கார்ந்தேன். பாதிவழியில் இடப்பக்கம் ஒரு கரும்புச்சாறு வண்டி; என்னை அறியாமல் "கரும்பு நல்லாயிருக்கும்போல" என்றேன்; அவர் விலகினார். சொல்ல வேண்டிய வாக்கியம் அன்று தொண்டையிலேயே நின்றுவிட்டது, அதன் இடத்தில் இந்தப் பேச்சு வந்து அமர்ந்துகொண்டது, இப்போது ஆவணி.

கவனி, மரகதம், என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வைக்கோற்போர், அதன் பின்னாலிருந்து ஆள் வரக்கூடும், வரவில்லை. புடவை கட்டியவள் வண்டியில் ஒருபுறமாகத்தான் உட்கார முடியும், அந்தப் புறம் இடப்புறம்; அவருக்கு இல்லாமற்போன பக்கம் முழுவதும் என் முகத்துக்கு நேரே விரிந்து கிடக்கிறது, இது யார் செய்த ஏற்பாடு என்று தெரியவில்லை. "வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டான்போல" என்கிறேன், வாய்க்கால் அல்ல பொருட்டு, வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கும் இருவர்தாம் பொருட்டு, வண்டி விலகுகிறது. அவர் கடைத்தெருவுக்குப் போனால் நானும் போகிறேன். முடிவெட்டிக்கொள்ளப் போனாலும் போகிறேன். பக்கத்துக் கடை வாசலில் நின்று, அங்கே தொங்கும் வாழைத்தாரை விலைபேசுவதுபோல் பாவனை செய்கிறேன். எதிர்வீட்டுச் செண்பகம் ஒருநாள் கேட்டேவிட்டாள்: "மதினி, புதுசாக் கலியாணமான சோடி கணக்கா ஒட்டிக்கிட்டே திரியுதீகளே, அண்ணாச்சி சொக்குப்பொடி ஏதும் போட்டுட்டாகளா?" நான் சிரித்துக்கொண்டே, "மிச்சம் இருக்கு, உன் வீட்டுக்காரருக்கும் ஒரு பொட்டலம் தரட்டா" என்றேன். அவள் தெருவே கேட்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது. காதல் என்றே ஊர் நினைக்கட்டும். காதல் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அது காதலாக மட்டும் இருந்தால் என் முதுகுத்தண்டு இப்படி எந்நேரமும் விறைத்துக் கிடக்காது, இரவில் படுத்தபின்னும் இமைக்குள் வேலியும் மரமும் வேலியும் மரமுமாக ஓடாது.

இன்று போகவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கடையத்தில் அக்காள் பேத்திக்குக் காதுகுத்து, முடிந்து திரும்புகிறோம். பேருந்தில் போவோம் என்றதற்கு, "வண்டி இருக்கும்போது பஸ்ஸு எதுக்குட்டி, நானே பஸ்ஸு ஓட்டி அலுத்தவன்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். இலையின் இடதுமூலையில் உப்பு, ஊறுகாய், பச்சடி. அவர் கை அங்கே போகவே இல்லை. சாம்பாரும் புளிக்குழம்பும் ரசமும் கடந்தன, பாயசம் கடந்தது, இடதுமூலை வைத்தது வைத்தபடி. பரிமாறிய பையன், "அண்ணாச்சி ஊறுகாயத் தொடவே இல்லியே" என்றான். அவர் இலையை ஒருமுறை உற்றுப்பார்த்தார், பிறகு தலையை மெல்லத் திருப்பினார், பிறகு கண்டார். "உப்பு சேர்க்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார். பொய். நொடியில் பிறந்த, மாசுமறுவற்ற பொய். நான் அந்த இலையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊறுகாய் இருந்த இடத்தில் ஒரு சிறு பிள்ளை நிற்பதைப்போல. அவர் உண்ண உண்ண அது நின்றுகொண்டே இருப்பதைப்போல.

லாரி. எதிரே கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரி, அதன் பின்னே இன்னொன்று, அதன் பின்னே அதை முந்தத் துடிக்கும் மூன்றாவது. இவை வலப்பக்கத்து ஆபத்துகள், இவற்றை அவரே பார்ப்பார். பார்த்து, பெரியதற்குச் சிறியது வழிவிட வேண்டும் என்னும் சாலையின் எழுதாச் சட்டப்படி இடதோரம் ஒதுங்குவார். அந்த இடதோரத்தில்தான் சாலையில் எல்லாரிலும் சிறியவர்கள் இருக்கிறார்கள், நடக்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள், புல்லுக்கட்டுச் சுமக்கிறவர்கள். லாரிக்கு நாம் ஒதுங்க, நமக்கு அவர்கள் ஒதுங்க, அவர்கள் ஒதுங்குவதற்கு வேலிமுள்ளைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று லாரிகளும் புழுதியை அப்பிவிட்டுப் போகின்றன. நற்பேறு, இடப்பக்கம் வெறும் வயல். பேருந்து ஓட்டிய காலத்தில் அவருக்கு இடப்பக்கம் பார்த்துச் சொல்ல ஆவுடையப்பன் இருந்தார். பின்படியில் நின்று நடத்துநர் ஆவுடையப்பன் ஒரு விசில் கொடுத்தால் நிற்பார், இரண்டு கொடுத்தால் எடுப்பார், திரும்பிப் பார்க்கவே மாட்டார். "பார்த்துட்டு எடுக்கதுக்கு அவன் எதுக்கு, நான் எதுக்கு? நம்பிக்கைதாம்ட்டி பஸ்ஸு" என்பார். பணி முழுவதிலும் அவர் வண்டியால் ஓர் உயிருக்கும் ஊறு இல்லை; அதற்குப் போக்குவரத்துக் கழகம் கொடுத்த பதக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கச் சான்று வாங்கப் போனபோது ஒரு மருத்துவர், "பதக்கம் வாங்குன டிரைவருக்கு நான் கண்ணு பாக்கவா" என்று சிரித்து, பார்க்காமலே கையெழுத்திட்டார். மரியாதையால் செய்தார். மரியாதையால் செய்யப்படும் காரியங்களை எண்ணிப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது, நானும் மரியாதையால்தானே வாய்மூடி, இல்லை, வாய்மூடாமல். விபத்து நடந்த இடங்களில் அவர் பேருந்தை ஓரங்கட்டி இறங்கித் தரையைப் பார்ப்பது வழக்கம். வந்து சொல்வார்: பிரேக் போட்ட தடம் இருந்தால் ஓட்டினவன் பார்த்திருக்கிறான், பார்த்தும் முடியவில்லை, பாவம், தடமே இல்லையென்றால் பார்க்கவே இல்லை. பார்க்காதவனை அவர் பாவம் என்று சொன்னதில்லை. "கண்ண அவிச்சுப்போட்டு வந்திருக்கான்" என்பார். அந்தச் சொல், அந்தச் சொல்லே, அதே வாயிலிருந்து.

சொல்லிவிட வேண்டும். இன்று வீடு சேர்ந்ததும், செருப்பைக் கழற்றுவதற்குமுன். "இனி வண்டி ஓட்டாதீங்க" என்று தொடங்கினால் ஆணைபோல் இருக்கும், அவர் ஆணைக்குப் பணிந்தவர் அல்லர். "டாக்டர் சொன்னாங்கல்லா" என்று தொடங்கினால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார். "எனக்குப் பயமா இருக்கு" என்று தொடங்கினால், பயந்தவளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே போவார், அது எல்லாவற்றிலும் கேடு. புளியமரங்கள், அவற்றின் நிழல், வெயில் எங்கள் முதுகில் சாய்ந்து விழுவதால் எங்கள் நிழல் எங்களுக்கு முன்னே நீண்டு ஓடுகிறது, ஓர் உடலும் இரு தலைகளுமாக. என் தலை அவர் தோளிலிருந்து முளைத்ததுபோல் அவர் காதை நோக்கி வளைந்திருக்கிறது. அவருடைய தலையின் நிழல் ஏன் இவ்வளவு சிறுத்திருக்கிறது? ஹெல்மெட் இல்லை. ஹெல்மெட் கைப்பிடியில் தொங்குகிறது, தொங்கித் தொங்கி அவர் முழங்காலில் இடிக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவர். மகன் ஒருமுறை வெறுந்தலையோடு வந்ததற்காக இரண்டு நாள் அவனோடு பேசாதிருந்தவர். வேர்க்கிறது என்றுதான் இந்த ஆண்டு கழற்றினார்; நானும் வயதாகிறது, வேர்க்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். எப்போது கழற்றினார்? மாசியா? மாசியில் என்ன வேர்வை? மாசியில் பனி. கரும்புச்சாறு வண்டி தையில், அதற்குப் பின் சில வாரங்கள் நான் ஹெல்மெட்டுக்குள் கத்தவேண்டியிருந்தது, "என்னது, என்னது" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு ஒரு காலை ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார், அதற்குப்பின் "என்னது" என்று கேட்கவே இல்லை. அப்படியானால் வேர்வை அன்று. என் குரல் கேட்பதற்காக. அவர் தம் மண்டையைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் தம் காதை எனக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் அவருக்குத் தெரியும், நான் வம்பு பேசவில்லை என்பது தெரியும், ஆடும் கரும்பும் வாய்க்காலும் எதற்கென்று தெரியும், தெரிந்துகொண்டே இத்தனை மாதங்களாக

என் முழங்காலில் ஏதோ மோதுகிறது. மென்மையானது, பிறகு இரும்பு. ஒரு கூச்சல், மிகச் சிறியது, பறவை ஒன்று கையில் அகப்பட்டதைப்போல. வண்டி இழுத்துக்கொண்டுபோய் நிற்கிறது. நான் இறங்குகிறேனா விழுகிறேனா என்று தெரியவில்லை, நிற்கிறேன், திரும்பி ஓடுகிறேன், என் செருப்பு ஒன்று எங்கோ. சாலையோர மண்ணில் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது, அதன் பின்சக்கரம் இன்னும் சுழல்கிறது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாள், உட்கார்ந்துதான் இருக்கிறாள், கண் திறந்திருக்கிறது, கையை மடக்குகிறாள், நீட்டுகிறாள். முழங்கையில் தோல் வழன்று இரத்தம் துளிர்த்திருக்கிறது. அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு உருண்டுபோய் வேலியில் கிடக்கிறது. என் முழங்காலில் இடித்த மென்மையானது அவளுடைய புத்தகப்பை. பை இல்லையென்றால் அது அவள் இடுப்பு. "தலையில பட்டுச்சா, தலையில பட்டுச்சாம்மா?" என்று நான் கேட்டதையே கேட்கிறேன். அவள் இல்லையென்று தலையசைத்துவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நிற்கும் அவரைப் பார்த்து, "பாத்து வரப்படாதா தாத்தா?" என்கிறாள். "நீ திடீர்னு குறுக்க வந்தா நான் என்ன செய்யட்டும்?" என்கிறார் அவர். எல்லா ஓட்டுநர்களும் சொல்வது. அவர் இதுவரை சொல்லாதது. "நான் எங்க குறுக்க வந்தேன்? செயின் கழண்டுட்டுன்னு வெள்ளைக் கோட்டுக்கு அங்கிட்டு மண்ணுலல்லா உருட்டிக்கிட்டு வாரேன். ஒரு ஆரன் அடிச்சிருந்தாக்கூட முள்ளுக்குள்ள போயிருப்பேன்" என்கிறாள் பிள்ளை. முள்ளுக்குள் போயிருப்பாளாம், அதையும் தன் கடமையாகவே சொல்கிறாள்.

நான் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவள் முழங்கையைக் கழுவுகிறேன், அவசரத்தில் தண்ணீர் அவள் பாவாடையெல்லாம் தெறிக்கிறது. பெயர் கேட்கிறேன், இசக்கியம்மாள் என்கிறாள், வீடு சாலை பிரியும் அடுத்த விலக்கில் என்கிறாள், "வீட்டுல சொல்லிராதீங்க, சைக்கிளப் பிடுங்கிருவாக" என்கிறாள். அவர் குந்தியமர்ந்து சங்கிலியை மாட்டிக்கொடுக்கிறார், விரல் முழுதும் கருப்பு மசகு. தூக்கை எடுத்துத் துடைத்துக் கொடுக்கிறார். பிறகு எழுந்து, நாங்கள் வந்த வழியே மெல்ல நடந்துபோய், சாலையோரம் நிற்கிறார். தரையைப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். ஸ்கூட்டரின் தடம் வெள்ளைக் கோட்டைக் கடந்து, தாரைவிட்டு இறங்கி, மண்ணில் ஒரே நேராக, கோல் வைத்துக் கிழித்ததைப்போல, சைக்கிள் விழுந்த இடம்வரை வருகிறது. வந்து, அதைக் கடந்து போகிறது. மோதிய இடம்வரை ஓரிடத்திலும் சக்கரம் உராய்ந்த வடு இல்லை. அவர் தலையை இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பி, பந்தியில் இலையைப் பார்த்ததைப்போல, அந்தத் தடத்தை முழுவதுமாகப் பார்த்து முடிக்கிறார். திரும்பி வருகிறார். பிள்ளைக்குக் கேட்காத குரலில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறார்: "நீ ஏம்ட்டி பேசாம வந்தே?"

நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றும் வரவில்லை. ஆணையும் இல்லை, டாக்டரும் இல்லை, பயமும் இல்லை. "யோசிச்சுக்கிட்டு வந்துட்டேன்" என்கிறேன். அதுதான் உண்மை. ஒரு கண நினைவு. நினைவின் நீளம் ஒரு பிள்ளையின் நீளம். அவர் வண்டியை நிமிர்த்தி, மிதித்து எழுப்பி, "ஏறு, இருட்டுமுன்ன போயிருவோம்" என்கிறார். இசக்கியம்மாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறாள். "நீ முன்ன போம்மா" என்கிறார் அவளிடம். அவள் என்னைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள். "இல்ல தாத்தா, நீங்க மொதல்ல போயிருங்க. நீங்க போனப்பொறவு நான் வாரேன்" என்கிறாள். குரலில் குறும்பும் இல்லை, சினமும் இல்லை. நாய் நிற்கும் தெருவை எப்படிக் கடப்பது என்று அறிந்த பிள்ளையின் அறிவு மட்டும் இருக்கிறது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது. நான் அப்போது சொல்கிறேன்: "நான் ஏற மாட்டேன்." "என்னட்டி?" "நான் ஏறல. நடந்து வாரேன். நீங்களும் ஓட்டாதீங்க. இந்தப் பிள்ளைய நீங்க பாக்கல, நானும் பாக்கல. நான் உங்க கண்ணுன்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு பேருமா ஊரான் பிள்ளை மேல ஏத்தப் பாத்தோம்." எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது. என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைக்கிறேன். போனால் அடுத்த வளைவில் என்ன நிற்கிறதோ, ஆடோ, ஆளோ. ஓடிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொள் என்று என் கால்களே என்னைத் தள்ளுகின்றன. கால்களை மண்ணில் ஊன்றி நிற்கிறேன், ஒரு காலில் செருப்பில்லை, சரளை உறுத்துகிறது, அந்த உறுத்தல் நல்லதாக இருக்கிறது. அவர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் அடங்குகிறது. இறங்கி, கைப்பிடியைப் பிடித்து, தள்ளத் தொடங்குகிறார்.

நடக்கிறோம். அவர் வண்டியைத் தள்ளுகிறார், நான் இடப்பக்கம். பின்னால் மணி அடித்துக்கொண்டு இசக்கியம்மாள் எங்களைத் தாண்டிப் போகிறாள், வலப்பக்கமாக, நன்றாக விலகி; சற்றுத் தூரம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு வேகமாக மிதிக்கிறாள். நாளைக் காலை சாவி அவர் பையில் இருக்கும். ஆணியில் மாட்டுவாரா, எடுப்பாரா. நாளை மறுநாள் எடுப்பாரா. பெரிய மனிதர் ஒருவர் இறப்பெய்தியதைப்போல ஓர் அமைதி அவர்மேல் கவிந்திருக்கிறது. எதிரிலிருந்து ஒரு மோட்டார்சைக்கிள் வந்து வேகம் குறைத்து நிற்கிறது. ஹெல்மெட்டின் கண்ணாடியை உயர்த்தினால் ஆவுடையப்பன், கடையத்துக்கு வீடு திரும்புகிறார், காக்கிச்சட்டைப் பையிலிருந்து விசிலின் கயிறு எட்டிப் பார்க்கிறது. "என்னண்ணே, ஆனையக் கட்டி இழுத்த ஆளு ஸ்கூட்டரத் தள்ளிக்கிட்டு வாரீக? பெட்ரோல் இல்லியா, பஞ்சரா? மதினிதான் கனத்துட்டாகளா?" என்று சிரிக்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான். அந்தப் பொய் எனக்கு முன்பே தயாராக நாக்கில் வந்து நிற்கிறது. அதற்குள் அவர் நின்று, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, மசகு படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி ஆவுடையப்பனை முழுவதுமாகப் பார்க்கிறார். "பெட்ரோல் இருக்குவே. வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இடப்பக்கம் கண்ணு தெரியல" என்கிறார். ஆவுடையப்பனின் சிரிப்பு முகத்திலேயே மறந்துபோய் நிற்கிறது. இவர் மீண்டும் கைப்பிடியைப் பற்றித் தள்ளுகிறார். நான் கூடவே நடக்கிறேன். இடப்பக்கம் ஒரு புளியமரம் வருகிறது, மரத்தடியில் யாரோ நிற்கிறார்கள், அவர்களுக்கு அப்பால் ஒரு மாடு படுத்திருக்கிறது, அதற்கும் அப்பால் வயல். நான் ஒன்றையும் சொல்லவில்லை.